மரங்களைக் காக்கத் திரளும் குழுக்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் செயலி: ஒரு மதிப்பீடு

மரங்களையும் காடுகளையும் காக்க வேண்டும் என்று ஒன்றுகூடும் குழுக்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஒரு தடையைச் சந்திக்கின்றன. ஒரு தோப்பு வெட்டப்படப்போகிறது என்று தெரிந்து மனு எழுத உட்கார்ந்தால், "பழைமையான பல மரங்கள்" என்பதற்கு மேல் எழுத எதுவும் கையில் இருப்பதில்லை. என்ன இனம், எந்த இடத்தில் நிற்கிறது, எப்போது பார்க்கப்பட்டது என்ற விவரங்கள் இல்லாத மனுவை ஒதுக்கித்தள்ளுவது எவருக்கும் எளிது. இந்தக் குறையைத் தீர்க்கக் கட்டணமின்றிக் கிடைக்கும் கருவிகளுள் ஐநேச்சுரலிஸ்ட் செயலியையே நான் முதலில் பரிந்துரைப்பேன். எனினும், தானாக வளர்ந்த காட்டுக்கு அது செய்யும் உதவியில் பாதியைக்கூட மனிதர் நட்டு வளர்த்த மரங்களுக்கு அது செய்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2008ஆம் ஆண்டு முதுகலை மாணவர்களின் இறுதித் திட்டப்பணியாகத் தொடங்கிய இத்தளம், 2023 முதல் இலாப நோக்கற்ற தனி அமைப்பாக இயங்கிவருகிறது. மரத்தைப் படமெடுத்து, நாளும் இடமும் சேர்த்துப் பதிவேற்றினால், செயலி தன் கணிப்பில் சில பெயர்களை முன்வைக்கும். அதன் பிறகு உலகின் எந்த மூலையிலிருந்தும் தாவரம் அறிந்தவர்கள் அதைப் பார்த்து ஆமோதிக்கலாம் அல்லது மறுக்கலாம். குறைந்தது இருவர் கருத்துச் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஓர் இனத்தின் பெயரில் உடன்பட்டால், அது ஆய்வுத் தரப் பதிவாக உயர்கிறது. உரிய உரிமத்துடன் பகிரப்பட்ட அத்தகைய பதிவுகள் ஜிபிஐஎஃப் என்னும் உலகளாவிய பல்லுயிர்த் தரவுத்தளத்துக்கும் சென்று சேர்வதால், ஒரு குழுவினர் நடந்து பார்த்துச் சேர்த்த விவரத்தை ஆய்வாளர்களும் எடுத்தாள முடிகிறது.

செயலியின் கணிப்பை மட்டும் நம்பிப் பெயரை எழுதிவிடக் கூடாது. அரச மரத்தையும் பூவரச மரத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டின் இலையும் இதய வடிவம்தான். தொலைவிலிருந்து எடுத்த மங்கலான படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அருகில் சென்றால் அரச இலையின் நுனி வால்போல் நீண்டிருப்பதும், காம்பைக் கிள்ளினால் பால் வடிவதும் தெரியவரும். பூவரசுக்கு அந்த நீண்ட வாலும் இல்லை, பாலும் இல்லை, மஞ்சளாக மலர்ந்து வாடும்போது செந்நிறமாகும் பூ உண்டு. ஆகவே முழு மரம், பட்டை, இலையின் இரு பக்கங்கள், கிளையில் இலைகள் அமைந்திருக்கும் விதம், பூ அல்லது காய் என்று பல படங்களை ஒரே பதிவில் சேர்ப்பதே முறை. இதைப் பழகியவர்கள் மரத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது என்பதுதான் இச்செயலியின் ஆகப்பெரிய பயன் என்று நான் கருதுகிறேன். அதுவரை "அந்தப் பெரிய மரம்" என்று சொல்லிக் கடந்து போனவர், அது எந்த மாதத்தில் இலை உதிர்க்கிறது, எப்போது பூக்கிறது என்று கவனிக்கத் தொடங்குகிறார். முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ வந்து பெயரை உறுதிசெய்யும்போது பதிவு செய்தவருக்குக் கிடைக்கும் ஊக்கம் எந்த விழிப்புணர்வுக் கூட்டத்திலும் எளிதில் கிடைப்பதில்லை.

தனி ஆளின் ஆர்வத்தைக் குழுவின் வேலையாக மாற்றுவதற்குத் திட்டம் என்றொரு வசதி இருக்கிறது. ஓர் எல்லையை வரைந்து, தாவர வகையையும் குறித்துவிட்டால், அந்த எல்லைக்குள் யார் பதிவேற்றினாலும் அது ஒரே பக்கத்தில் திரண்டுவிடும். 2016ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ ஆகிய இரு நகரங்களுக்கிடையே உயிரினங்களைப் பதிவு செய்யும் போட்டியாகத் தொடங்கிய நகர இயற்கைச் சவால், இன்று பல நாடுகளின் நகரங்கள் பங்கேற்கும் ஆண்டு நிகழ்வாக வளர்ந்திருப்பதற்கு இந்தக் கூட்டு முறையும் முக்கியமான காரணம். சிறுவர்களுக்குக் கணக்குத் தொடங்காமலேயே பயன்படுத்தக்கூடிய சீக் என்ற எளிய செயலியையும் இதே அமைப்பு தருகிறது.

இனிக் குறைக்கு வருகிறேன். சாலையோரத்திலும் பூங்காவிலும் பள்ளி வளாகத்திலும் நிற்கும் மரங்கள் பெரும்பாலும் நடப்பட்டவை. அவற்றை "வளர்க்கப்பட்டது" என்று குறிக்க வேண்டும் என்பது விதி. அப்படிக் குறித்த உடனே அப்பதிவு சாதாரணத் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. வழக்கமான தேடலிலும் இனங்காணும் பக்கத்திலும் அது தோன்றுவதில்லை, ஆதலால் பெயரை உறுதிசெய்ய வருபவர்களும் மிகக் குறைவு. ஓர் இனம் இயற்கையில் எங்கெங்கு பரவியிருக்கிறது என்பதை அறிய விரும்பும் ஆய்வுக்கு இந்த விதி நியாயமானதே. ஆனால் கோடரிக்கு முதலில் இலக்காவது பெரும்பாலும் நடப்பட்ட அந்தச் சாலை மரங்கள்தாம் என்பதால், அவற்றுக்காகப் போராடும் குழுவுக்கு இது உண்மையான இழப்பு. திட்டத்தை அமைக்கும்போது சாதாரணத் தரப் பதிவுகளையும் சேர்க்குமாறு தேர்வு செய்தால் அவை திட்டப் பக்கத்திலாவது தெரியும். பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அழியும் ஆபத்திலுள்ளவை எனப் பட்டியலிடப்பட்ட பல இனங்களின் சரியான இருப்பிடத்தைத் தளம் தானாகவே மறைத்து, 0.2 பாகை அளவுள்ள ஒரு கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியாக மட்டுமே காட்டுகிறது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் அக்கட்டத்தின் ஒரு பக்கம் சுமார் 22 கிலோமீட்டர் இருக்கும். வெட்டிக் கடத்தக்கூடிய விலைமதிப்புள்ள மரங்களைப் பொறுத்தவரை இது மிகவும் பொறுப்பான ஏற்பாடு. மற்ற மரங்களுக்கும் பதிவு செய்பவரே இந்த மறைப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரே மரத்தை ஆண்டுதோறும் தொடர்ந்து கண்காணிப்பதற்கு இத்தளம் உருவாக்கப்படவில்லை. ஒவ்வொரு பதிவும் ஒரு நாளில் கண்ட காட்சி மட்டுமே. அடிமரத்தின் சுற்றளவையோ நோயின் அறிகுறியையோ குறிப்புகளில் எழுதலாம், கூடுதல் விவரங்களுக்கென நாமே சேர்க்கும் புலங்களிலும் நிரப்பலாம், ஆனால் அவற்றைக் கேட்டு வாங்கும் படிவம் இயல்பாக இல்லை. ஆகவே காட்டுப் பகுதியைக் காக்கும் குழுவினர் இதையே முதன்மைப் பதிவேடாகக் கொள்ளலாம். சாலை மரங்களுக்காக உழைப்பவர்கள், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்த சுற்றளவு, மரத்தின் நிலை, அளந்த நாள், மரத்துக்கு இட்ட எண் ஆகியவற்றைத் தனி அட்டவணையில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் அம்மரத்துக்குரிய பதிவின் இணைப்பைச் சேர்த்துவைக்க வேண்டும். திட்டத்திலுள்ள பதிவுகளை இணையதளத்தின் வழியாக அட்டவணைக் கோப்பாகத் தரவிறக்க முடியும் என்பதால், இரண்டையும் ஒன்றாக்கி மனுவுடன் இணைப்பது கடினமான வேலை அன்று.