ஏற்காடு ஏறும் முன் சீட் கவரைத் தூக்கிப் பாருங்கள்

டொராண்டோவிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு சேலம் கிளம்பும்போது எல்லோரும் தண்ணீரையும் கொசுவையும் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். எனக்கு அதிகம் வேலை வைத்தது காரின் பின் சீட்.

ஏற்காட்டுக்கு ஒரு டிராவல்ஸில் வண்டி சொல்லும்போதே பின்னால் பெல்ட் வேண்டும் என்றேன். "எல்லாம் இருக்குதுங்க" என்றார்கள். இருந்தது, உண்மைதான். ஆனால் பக்கிள் முழுக்க சீட் கவருக்கு அடியில் புதைந்திருந்தது. டிரைவர், "சின்னதை மடியில வெச்சுக்குங்கக்கா, நான் மெதுவாத்தான் போவேன்" என்றார். மெதுவாகப் போவது அவர் கையில். வளைவில் எதிரே இறங்கி வரும் பஸ் அவர் கையிலா இருக்கிறது? 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை பெல்ட் போடாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமே சொல்கிறது. அம்மாவுக்கு ஒரே சங்கடம், "வாசல் வரைக்கும் வந்த வண்டியைப் போய்..." என்று. திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்துப் பேசியவர் கவரைக் கழற்றி, பக்கிளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் வாடகையே பேசினார். டொராண்டோவிலிருந்து தூக்கிப்போன குழந்தை சீட்டை அந்த பெல்ட்டிலேயே இறுக்கிக் கட்டினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஹாரன் அடித்து, ஏறும் வண்டிகளுக்கு நின்று வழிவிட்டு இறக்கினார். கேட்ட வாடகைக்கு மேலேயே கொடுத்தேன்.

வழியில் குரங்குகள். கண்ணாடியை ஏற்றி, சிப்ஸ் பாக்கெட்டைக் கண்ணில் படாமல் வைத்தால் பாதித் தொல்லை இல்லை. பிறாண்டினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். படகில் ஏறும்போது பிள்ளைக்குப் பெரியவர்கள் போடும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேலே கழன்றுவிடும். சின்ன அளவு கேட்டு வாங்குங்கள்.

தட்டுவடை செட் சாப்பிடாமல் சேலம் போனதாகக் கணக்கே இல்லை. ஆனால் அதில் துருவிய பச்சைக் காய், சட்னி. பிள்ளைகளுக்கு வெறும் தட்டுவடையோடு சரி.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பவுடரான ஓஆர்எஸ்ஸை மெடிக்கலில் கேட்டால் பழச்சுவைப் பான டப்பாவை நீட்டுவதுண்டு. பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்ட பவுடர்தான் வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் முழுசாகக் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போடாதீர்கள்.