கால் கிலோ அல்வாவும் நாலு ஓடிபியும்

திருநெல்வேலிப் பக்கம் வேலை போய் வீட்டில் இருக்கிறவர்களே, "இஎஸ்ஐயில் வேலையில்லாதவர்களுக்குப் பணம் தருகிறார்கள், நான் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால், ஃபோனை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இஎஸ்ஐ என்பது சம்பளத்தில் பிடித்தம் கட்டும் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, அதில் பணம் தருவது உண்மைதான். வாங்கித் தருகிறேன் என்றவன் எனக்குச் செய்தது வேறு.

நான் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் செக்‌ஷனில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே வந்துவிட்டதே, அந்த வெள்ளத்தில் எங்கள் கம்பெனி குடோனிலும் இடுப்பளவு தண்ணீர். அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டி எல்லாம் கூழாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆர்டர் தேய்ந்துகொண்டே வந்து, 2024 ஜூன் 29, சனிக்கிழமை சாயங்காலம் எங்களில் 23 பேரை நிறுத்தினார்கள்.

கடைசிச் சம்பளம், லீவுப் பணம், போனஸ் பாக்கி எல்லாம் சேர்த்து ஒரு செக். அதை வாங்க வேண்டுமென்றால் முதலில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆபீஸ் தம்பி கையை நீட்டி, தாளின் அடியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். மேலே டைப் அடித்திருந்த ஆங்கில எழுத்தை அவன் உள்ளங்கை மறைத்திருந்தது. தேதி போடும் இடம் காலியாக இருந்தது. எனக்கு ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். போட்டுவிட்டேன். 23 பேரும் போட்டோம். வெளியே வரும்போது ஆளுக்குக் கால் கிலோ அல்வாப் பொட்டலம் கொடுத்தார்கள். திருநெல்வேலிக்காரிக்கே அல்வா கொடுத்துவிட்டான் என்று என் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்றைக்கு யாருக்கு அது தோன்றியது? பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

ஆகஸ்டில் கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லி ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எந்தத் தெரு என்று எழுதவில்லை. கடை இப்போது இடம் மாறிவிட்டது, ஆள் மாறவில்லை. வாசலில் ஒரு ஃபிளெக்ஸ், அதில் தேசியக் கொடி, ஆதார் சின்னம், இஎஸ்ஐ சின்னம். பார்த்தால் அரசு அலுவலகத்தின் கிளை மாதிரியே இருக்கும்.

"எக்கா, கவலப்படாதீய. மூணு மாசத்துக்குப் பாதிச் சம்பளம் அரசாங்கம் தருது. கேக்க ஆளில்லாமக் கெடக்கு. நீங்க வெரல வச்சிட்டுப் போங்க, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

"எம்புட்டு ஆகும் தம்பி?"

"பதிவுக்கு ஆயிரம். பணம் வந்த பொறவு நூத்துக்கு இருவது. வரலன்னா ஒண்ணும் வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் விழுந்தேன். வராவிட்டால் வேண்டாம் என்கிறானே, இவன் எப்படி ஏமாற்றுவான்? ஆதார், பான் கார்டு, இஎஸ்ஐ கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தான். ஃபோனில் ஓடிபி வரவர நான் சத்தமாக வாசித்தேன், அவன் தட்டினான். நாலு தடவை. ஒவ்வொரு மெசேஜிலும் "யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று இருந்ததையும் பார்த்துக்கொண்டுதான் வாசித்தேன்.

ஆறாம் நாள் என் கணக்கில் 24,000 ரூபாய் ஏறியது. பேசினபடி 4,800 எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கூடவே ஒரு சீப்புப் பழமும். "இது மொதத் தவணை, அடுத்த மாசம் ரெண்டாவது வரும்" என்றான். அதோடு விட்டேனா? என்னோடு வேலை பார்த்த இன்னும் இரண்டு பேரை நானே கூட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் உட்கார வைத்தேன். 4,800 போனதைக்கூட விட்டுவிடலாம், இதுதான் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

செப்டம்பரில் பாஸ்புக்கில் வரவு பதிய பேங்குக்குப் போனேன். மெஷின் சரியாகப் பிடிக்கவில்லை. பின்னால் நின்ற ஒரு அண்ணாச்சி, மில்லில் இருந்து ரிட்டயர்டு ஆனவராம், புத்தகத்தைத் திருப்பி வைத்து உதவினார். பதிந்து வெளியே வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "பிஎஃப்ல கை வச்சிட்டியளாம்மா? அத எடுக்கக் கூடாதுலா, வயசான காலத்துக்குல்லா அது" என்றார். நான், இல்லை அண்ணாச்சி, இது இஎஸ்ஐ பணம் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அந்த வரியின் மேல் நகத்தை வைத்துக் காட்டினார். 24,000க்கு நேரே பிஎஃப் அலுவலகத்தின் பெயர் நான்கு எழுத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து மகள் உதவியோடு பிஎஃப் இணையதளத்தில் நுழையப் பார்த்தால் பாஸ்வேர்டு சேரவில்லை. யுஏஎன் என்கிற பிஎஃப் எண்ணோடு பதிந்திருந்த ஃபோன் நம்பரே என்னுடையது இல்லை. நான் வாசித்த ஓடிபியில் ஒன்று அதற்குத்தான் போயிருக்கிறது. அதனால்தான் எனக்கு ஒரு குறுஞ்செய்தியும் வரவில்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற இடத்தில் போய், ஆதார் விவரம் கொடுத்து, என் நம்பரை மறுபடி ஏற்றி உள்ளே போனோம். க்ளெய்ம் பட்டியலில் ஒன்றே ஒன்று: படிவம் 31, முன்பணம். காரணம்: நோய். வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று எனக்கே தெரியவில்லை.

அவன் செய்தது இதுதான். இஎஸ்ஐக்கு என் பெயரில் அவன் எதுவும் போடவே இல்லை. அதில் வேலை அதிகம், கிளை அலுவலகம் வரை போக வேண்டும். பிஎஃப்பில் நோய்க்கு முன்பணம் கேட்டால் மருத்துவச் சீட்டு எதுவும் வைக்க வேண்டாம், சில நாளில் பணம் வந்துவிடும். நாலு வருஷம் என் சம்பளத்தில் பிடித்த காசை எடுத்து, அரசாங்கம் கொடுத்தது என்று எனக்கே தந்து, அதில் கமிஷனும் வாங்கிக்கொண்டான். எங்கள் வீட்டுக் கிணற்றில் மொண்டு எங்களுக்கே குடம் இவ்வளவு என்று விற்றது மாதிரி. ரெண்டாவது தவணை என்று சொன்னானே, அதுவும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

கேட்கப் போனேன். "எந்த வழியிலயோ பணம் வந்திச்சுல்லா? அப்புறம் என்னக்கா சத்தம்?" என்றான். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்கின பிறகு 2,000 திருப்பிக் கொடுத்தான். பதிவுக்குக் கொடுத்த ஆயிரத்தையும் சேர்த்து மீதி 3,800 வரவில்லை. ஆன்லைன் பண மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. நடந்த உடனே கூப்பிட வேண்டும். நான் ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டேன்.

சரி, உண்மையான பணத்துக்கு வருகிறேன். அந்தத் திட்டத்தின் பெயர் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. வாய்க்குள் நுழையாது, "ஏபிவிகேஒய்" என்றாலே கவுன்டரில் புரிந்துகொள்கிறார்கள். 2018 ஜூலையில் வந்தது. முதலில் சராசரிக் கூலியில் கால் பங்குதான் தந்தார்கள், கொரோனா சமயத்தில் பாதியாக்கினார்கள். வேலை போய் 30 நாள் கழிந்த பிறகு கேட்கலாம். வாழ்நாளில் மொத்தம் 90 நாளுக்குத்தான். குறைந்தது இரண்டு வருஷம் இஎஸ்ஐ பிடித்தம் உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதப் பிடித்தக் காலத்தில் 78 நாளாவது, அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாளாவது பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு இல்லை. தானாக விலகியவர்களுக்கும் இல்லை.

அந்தக் கடைசி வரியில்தான் அல்வாப் பொட்டலம் திரும்ப வந்தது.

அக்டோபரில் நானே இஎஸ்ஐ இணையதளத்தில் க்ளெய்ம் போட்டு, அச்செடுத்து, ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் சேர்த்துக் கிளை அலுவலகத்தில் கொடுத்தேன். ஒரு பைசா கட்டணம் இல்லை. நவம்பரில் நிராகரித்துவிட்டார்கள். போய்க் கேட்டபோது அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கம்பெனி பதிந்திருந்த காரணம், "வேலையை விட்டு விலகினார்". கூடவே என் கையெழுத்துடன் ஒரு கடிதம். அன்று உள்ளங்கைக்கு அடியில் இருந்த தாள். சொந்தக் காரணங்களால் விலகுகிறேன், கம்பெனியிடம் எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்ததாக. காலியாக இருந்த இடத்தில் ஜூன் 20 என்று தேதி ஏறியிருந்தது.

அந்த அம்மாதான் சொன்னார்: "ஒங்க கூட எத்தன பேரு நின்னாவ? எல்லாருக்கும் இதே லெட்டர்தானான்னு பாருங்க."

எட்டு பேர் சேர்ந்தோம். எட்டுப் பேருக்கும் அதே தாள், அதே வாக்கியம், 'பர்சனல்' என்ற ஆங்கிலச் சொல்லில் அதே எழுத்துப் பிழை. பள்ளிக்கூடத்தில் காப்பியடித்த பிள்ளைகளை வாத்தியார் பிடிப்பது இப்படித்தான். அதை அப்படியே மனுவில் வைத்தோம்: ஒரே நாளில் எட்டுப் பேருக்கும் ஒரே எழுத்துப் பிழையோடு சொந்தக் காரணம் வருமா என்று. ஒரு நகலை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினோம். இன்னொன்றை டிசம்பரில் ஒரு திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். அங்கேயிருந்து தொழிலாளர் துறைக்குப் போனது. நான் எதிர்பார்த்த சண்டை எதுவும் நடக்கவில்லை. ஜனவரியில் கம்பெனியே கூப்பிட்டு, ஆர்டர் குறைந்ததால் நிறுத்தினோம் என்று லெட்டர்பேடில் சீல் வைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தோடு மறுபடி விண்ணப்பித்தேன். 2025 பிப்ரவரியில் 19,800 வந்தது. என் சராசரி ஒரு நாள் கூலி 440, அதில் பாதி 220, 90 நாளுக்கு அவ்வளவுதான். செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ், தபால், பஸ். பஸ்ஸும் பிங்க் போர்டு போட்டது வந்தால் டிக்கெட் கிடையாது.

இடையில் ஒன்று. அதே கடையில் என் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், பிளஸ் டூ முடித்தவள், "வேலைவாய்ப்பு ஆபீஸ் பணம்" என்று 1,500 வாங்கியிருக்கிறான். அது தனித் திட்டம், தமிழக அரசு தருவது. இஎஸ்ஐக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, விடாமல் புதுப்பித்து, ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600, மூன்று வருஷத்துக்கு. விண்ணப்பப் படிவம் இலவசம். அந்தப் பெண் பதிந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. மாதம் 400 ரூபாய்ப் பணத்துக்கு, அதுவும் வரவே வராத பணத்துக்கு, 1,500 வாங்கியவனை என்ன சொல்ல.

நான் கூட்டிக்கொண்டு போன இரண்டு பேரில் ஒருத்திக்கு 31,000 பிஎஃப்பில் இருந்து போயிருந்தது. மகள் கல்யாணத்துக்கு என்று விட்டு வைத்திருந்தது. அவள் என்னோடு பேசுகிறாள், ஆனால் வீட்டுக்கு வருவதில்லை.

எங்கள் 23 பேரில் ஆறு பேரின் நம்பர் மாறிவிட்டது, என்னால் பிடிக்க முடியவில்லை. இரண்டு பேர் திருப்பூர் போய்விட்டதாகக் கேள்வி. உங்களில் யாராவது இதைப் படித்தால்: உங்கள் பிஎஃப் கணக்கில் பதிந்த ஃபோனிலிருந்து 9966044425க்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், இருப்பு எவ்வளவு என்று மெசேஜ் வரும். வரவில்லை என்றால் முதலில் உங்கள் நம்பர்தான் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய், உங்கள் வேலை நின்றதற்கு என்ன காரணம் பதிந்திருக்கிறது என்று கேளுங்கள். கம்பெனி எங்களுக்குக் கொடுத்த கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அதே நாளில் நின்றவர்கள்தான் நீங்களும். கேட்டால் உங்களுக்கும் கொடுக்கத்தான் வேண்டும். என் பழைய நம்பர் மாறவில்லை.