ஒன்பது வருடம் ஓட்டிய பிறகு: ‘ஆய்வுக்கு மட்டும்’ உரிமத்தோடு என் அனுபவம்

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: “புதுசா ஆய்வுக்குழு ஆரம்பிக்கிறேன். நீ இத்தனை வருஷமா ஓட்டுற மூலக்கூறு சிமுலேஷன் மென்பொருளையே நாங்களும் எடுத்துக்கலாமா?” மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள் அது. அதன் வேகமும் துல்லியமும் அவளுக்குத் தெரியும். கூடவே இருந்து பார்த்தவர் சொல்லட்டும் என்றுதான் கேட்டாள். உடனே பதில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மென்பொருளின் பெயரைச் சொல்லவில்லை. இந்த வகை உரிமம் பலவற்றில் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல மென்பொருள். மூலநிரல் முழுவதும் கைக்குக் கிடைக்கும், படித்தால் புரியும். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் பக்கத்தில் அது எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்று குறித்திருப்பார்கள். தொலைவில் இருக்கும் மின்னூட்டங்களின் விசையை எப்படிக் கணக்கிடுவது என்பதை நான் பாடப்புத்தகத்தில் படித்ததைவிட அந்த ஒரு கோப்பில் ஒழுங்காகக் கற்றேன். இரவு அனுப்பிய கேள்விக்கு, எழுதியவரே மறுநாள் காலையில் பதில் போட்டிருக்கிறார். இரண்டு வாரம் ஓட வேண்டிய வேலையின் நடுவில் கிளஸ்டர் (பல கணினிகளைச் சேர்த்த தொகுப்பு) நின்றுபோனாலும், விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இத்தனையும் காசு வாங்காமல் கொடுத்தார்கள்.

உறுத்தல் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் இருக்கிறது: கல்விக்கும் லாப நோக்கில்லாத ஆய்வுக்கும் மட்டும், வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும், பிறருக்கு விநியோகிக்கக் கூடாது. முதல் சில வருடம் நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நாம்தான் ஆய்வு செய்கிறவர்கள் ஆயிற்றே, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் என்னிடம் முனைவர் பட்டம் முடித்த மாணவி ஒரு சின்ன மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். சேர்ந்த மறுமாதம் அவருடைய கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. இன்னும் ஒரு வெப்பநிலையில் ஓட்டிக் காட்டுங்கள் என்று மதிப்பாய்வாளர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மாலை நேரத்தில் தன் கணினியிலேயே ஓட்டித் தந்துவிடுவதாக மாணவி சொன்னார். அதே ஆள், அதே உள்ளீட்டுக் கோப்பு, அதே கட்டுரை. ஆனால் சம்பளம் வரும் இடம் மாறிவிட்டது. செய்யலாமா என்று உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு எழுதினோம். ஆறு வாரம் கழித்து, அவர் பணிபுரியும் நிறுவனத்தின் தன்மையைப் பொறுத்தது என்று பதில் வந்தது. அதில் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கடைசியில் நானே ஓட்டினேன். முதல் தடவை உப்பின் செறிவு மாறியிருந்த பழைய கோப்பை எடுத்துவிட்டதில் ஐந்து நாள் வீணானது. அவர் கையில் இருந்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

இரண்டாவது சம்பவம்தான் இன்னும் ஆறவில்லை. விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று மேலே புகழ்ந்தேனே, அதிலேயே ஒரு பிழை இருந்தது. அழுத்தத்தைச் சீராக வைக்கும் பகுதியில் ஓர் எண்ணை மறுதொடக்கத்தின்போது திரும்பப் படிக்க விட்டிருந்தார்கள். மூலக்கூறுகள் இருக்கும் கற்பனைப் பெட்டியின் கன அளவை வரைபடமாகப் போட்டால், ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் ஒரு சின்னப் படி தெரியும். மூன்று வரி சேர்த்தேன், படி மறைந்தது. ஆசிரியர்கள் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அடுத்த பதிப்பு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் எங்கள் கட்டுரை வெளிவந்தது. திருத்திய நிரலை அதோடு சேர்த்துத் தர உரிமம் இடம் கொடுக்கவில்லை. படிக்கிறவர் தானே பதிவு செய்து, அதே பதிப்பை இறக்கி, அந்த மூன்று வரியைத் தட்டி, கம்பைல் செய்ய (கணினியில் ஓடும் வடிவத்துக்கு மாற்ற) வேண்டும். ஒருவர் எழுதினார்: தான் ஒரு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் இருப்பதால் பதிவே செய்ய முடியவில்லை என்று. எங்கள் முடிவைச் சரிபார்க்க நினைத்தவர் அவர். அவரைத் திருப்பி அனுப்புவதில் அறிவியலுக்கு என்ன லாபம்?

மூலநிரல் கண்ணுக்குத் தெரிவதால் இதைத் திறமூலம் (ஓப்பன் சோர்ஸ்) என்று பலர் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அது தவறு. திறமூலம் எது என்று வரையறுக்கும் அமைப்பான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவின் வரையறையில் ஆறாவது விதி இதைத்தான் பேசுகிறது: எந்தத் துறையையும் விலக்கக் கூடாது. அது தரும் உதாரணங்களே வணிகமும் மரபணு ஆய்வும்தான். இதே வகை மென்பொருள்களான லேம்ப்ஸையும் குரோமாக்ஸையும் பாருங்கள். யாரும் பயன்படுத்தலாம், பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் வரும் லேம்ப்ஸையும், 2013-இல் 4.6 பதிப்போடு அதன் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல்லுக்கு மாறிய குரோமாக்ஸையும் நிறுவனத்தில் இருப்பவரும் ஓட்டலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்ட் 2-இன் அளவுருக்கள் (பயிற்சியில் அது கற்ற எண்கள்) 2021-இல் வணிகத் தடையோடு வந்தன. 2022 ஜனவரியில் தடையை எடுத்தார்கள். மூன்றாம் பதிப்பில் தடை திரும்பி வந்தது. அதன் நிரல் வெளியான அதே 2024 நவம்பரில், அதே வேலையைச் செய்யும் போல்ட்ஸ்-1 வணிகத் தடை இல்லாத எம்ஐடி உரிமத்தில் வந்துவிட்டது.

எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. புதுக் கண்டுபிடிப்புக்கு நிதி கிடைக்கும். பழைய நிரலைப் பராமரிக்க அவ்வளவு எளிதில் கிடைக்காது. நிறுவனங்கள் கட்டும் உரிமத் தொகையில்தான் அங்கே ஒரு நிரலாளரின் சம்பளம் ஓடுகிறது. எனக்குக் காலையில் பதில் போட்டவர்களில் அவரும் ஒருவர். ஃபூரியர் உருமாற்றம் என்ற கணக்கைச் செய்யும் நிரல் தொகுப்பான எஃப்எஃப்டிடபிள்யூ வேறு வழி வைத்திருக்கிறது: எல்லோருக்கும் ஜிபிஎல், மூடிய மென்பொருளுக்குள் வைத்து விற்க நினைப்பவர் எம்ஐடி பல்கலைக்கழகத்திடம் தனி உரிமம் வாங்கலாம். அது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் ஜிபிஎல்லிலேயே இறக்கி உள்ளுக்குள்ளேயே ஓட்டிக்கொள்ளும் மருந்து நிறுவனத்திடமிருந்து அதில் ஒரு காசும் வராது. அந்த நிரலாளரின் சம்பளத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை.

சரி, தோழிக்குப் பதில்: எடுக்காதே.

என் அடுத்த கட்டுரைக்கான வேலை இப்போதும் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது வருடக் கோப்புகளும் பழகிய கையும் இருக்கின்றன, விட மனமில்லை. நீ இன்னும் ஒரு கோப்பும் எழுதவில்லை. குரோமாக்ஸில் ஆரம்பி. உன் முதல் மாணவர் எங்கே வேலைக்குப் போனாலும் தன் கட்டுரையைத் தானே முடிக்கட்டும். கம்பைல் செய்வதில் சிக்கல் வந்தால் கூப்பிடு, உட்கார்ந்து பார்ப்போம்.