ஏழு விண்மீன்கள்: ரிஷிகளா, கரடியா?

வடவானின் ஏழு விண்மீன்களை நாம் சப்தரிஷிகள் என்கிறோம், கிரேக்கர்கள் பெருங்கரடியின் பகுதி என்றார்கள். வானில் தேட எது வசதி? கிரேக்கக் கதையில் கலிஸ்டோ என்ற பெண் கரடியாக மாற்றப்பட்டு வானில் வைக்கப்படுகிறாள். அவள் கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாதென்று தேவர்களின் அரசி ஹீரா தடை வாங்கிவிடுகிறாள். இந்த ஏழும் ஏறக்குறைய 41 டிகிரி வட அட்சரேகைக்கு மேலே அடிவானத்தைத் தொடாமல் துருவத்தைச் சுற்றுவதற்கான விளக்கம் அதுதான். தமிழகத்தில் ஏழுமே அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். கதை இங்கே செல்லாது.

கரடியை முழுதாகக் காண்பதும் கடினம். இந்த ஏழு விண்மீன்கள் அதன் முதுகும் வாலும் மட்டுமே. தலைக்கும் கால்களுக்கும் உள்ளவை மங்கலான விண்மீன்கள், நகர வெளிச்சத்தில் தெரியாது. (கரடிக்கு அவ்வளவு நீள வால் ஏது?)

சப்தரிஷி மரபு ஏழோடு நின்றுவிடுகிறது. சங்கப் பாடலில் இவை கைதொழப்படும் ‘எழுமீன்’. வாலுக்கு எதிர்முனையில் இருக்கும் இரண்டு மீன்கள் புலஹரும் கிரதுவும். புலஹரிலிருந்து கிரதுவுக்குக் கோடிழுத்து, அதே திசையில் அந்த இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ மீன். வால் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர், ஒளிப்பொலிவெண் (கூடினால் மங்கல்) 2.2, பக்கத்தில் 12 கலை (ஒரு டிகிரியில் 60 கலை) தள்ளி அருந்ததி, 4.0. நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். கண்ணில் கோளாறில்லை என்றால் பிரித்துப் பார்க்கலாம்.

திருமணத்தில் அருந்ததி பார்ப்பது பெரும்பாலும் பகலில் நடப்பதால் வெறும் சடங்காகிறது. ஐப்பசி மாலையிலும் பயனில்லை, ஏழும் கிட்டத்தட்டச் சூரியனோடு மறைந்துவிடும். சித்திரை, வைகாசியில் இரவு 9 மணிக்கு வடக்கே பாருங்கள்.

வானில் தேட ரிஷிகளே வசதி.