வுல்ஃபை எதில் தொடங்கலாம்?

ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபை அவர் காலத்தோடு சேர்த்துப் படிக்க நினைப்பவர்கள் ‘மிஸஸ் டாலோவே’ (1925), ‘டு தி லைட்ஹவுஸ்’ (1927) என்ற இரண்டு நாவல்களுக்கும் நடுவில் தடுமாறுவார்கள்.

காலம்: முன்னது லண்டனில் ஒரே ஜூன் நாள். பின்னதில் நடுவே பத்து வருடம் ஓடிவிடும். கதையின் மையமான குடும்பத் தலைவி திருமதி ராம்சேயின் சாவே அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியம்தான்.

பின்னணி: டாலோவேயில் முதல் உலகப்போர் முடிந்துவிட்டது, போரில் மனம் பாதிக்கப்பட்டுத் திரும்பிய சிப்பாய் செப்டிமஸுக்கு மட்டும் முடியவில்லை. டாக்டர் அவனை ஓய்வு இல்லத்துக்கு அனுப்பப் பார்க்கிறார். அவன் ஜன்னல் வழியே குதித்து இறக்கிறான். லைட்ஹவுஸில் ராம்சே தம்பதியிடம் வுல்ஃபின் பெற்றோரின் சாயல், ஓவியர் லில்லி, பெண்களுக்கு வரையவும் எழுதவும் வராது என்கிற விருந்தாளி டான்ஸ்லி.

எளிமை: இரண்டுமே தொடக்கத்தில் கொஞ்சம் படுத்தும்.

போர், மருத்துவம், வர்க்கம் உங்கள் விஷயமென்றால் டாலோவே. குடும்பம், ஓவியம், பெண் கலைஞர் என்றால் லைட்ஹவுஸ். எனக்கு இரண்டாவதுதான் ஒரு படி மேல்.