ஹெரால்டின் பானெட்: பட்டி பூசுவதா, போல்ட்டைத் தளர்த்துவதா?

என் 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பானெட்டுக்கும் (இன்ஜின் மூடி) இடப்பக்கக் கதவுக்கும் நடுவே மேலே சுண்டுவிரல் நுழையும். கீழே தீக்குச்சிகூட நுழையாது. இதற்கு இரண்டு வைத்தியங்கள் உண்டு. பட்டறையில் விட்டு ஓரத்தைத் தட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து வாங்கி வரலாம். அல்லது போல்ட்டுகளைத் தளர்த்திப் பானெட்டையே நகர்த்தி உட்காரவைக்கலாம். முதலாவதற்குப் பணம் போனது. இரண்டாவதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நான் இரண்டாவது கட்சி.

தகடு துருவேறி உதிர்ந்திருந்தாலோ, இடிபட்டு நெளிந்திருந்தாலோ தகடு தட்டும் டிங்கர் வேலை இல்லாமல் தீராது. என் வண்டியும் பட்டறையிலிருந்து வந்த அன்று மாப்பிள்ளை போலத்தான் இருந்தது.

ஆனால் ஹெரால்டு, அம்பாசடர் போன்றதல்ல. அம்பாசடரில் பானெட்டின் கீல் முன்கண்ணாடிப் பக்கம். மட்கார்டுகள் தனியே நிற்கும். இதிலோ மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்த முழு மூக்கும் முன்கீலில் கவிழ்கிறது. ஆயில் அளவு பார்க்கவே அத்தனையையும் தூக்க வேண்டும். தூக்கி இறக்கும் ஒவ்வொரு முறையும் ஓரம் அதிர்கிறது. தகடு வளைந்து கொடுக்கும். தடித்த பட்டி கொடுக்காது. ஐப்பசி மழையில் மயிரிழை விரிசல் கண்டது. தை பிறந்ததும் அதே இடத்தில் பெயின்ட் கொப்பளித்தது. நகத்தால் நெம்பினேன். பொரை பிஸ்கட் போல ஒரு சில்லு கையோடு வந்தது. அடியில் ஈரத் துரு. கடற்காற்று அடிக்கும் ஊரில் இந்தப் பராமரிப்புக் கணக்கு ஒன்றே போதும், நான் பட்டியைக் கைவிட.

ரப்பர் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனபோது கடைக்காரப் பெரியவர், "கதவைப் பார்க்காமல் பானெட்டில் கை வைக்காதீர்கள் சார்" என்றார். சரியான பேச்சு. ஹெரால்டுக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம். பாடி அதன்மேல் போல்ட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. நடுவே உள்ள மெத்தைகள் நசுங்கினால் கதவு தொங்கும், பழி பானெட்டின்மேல் விழும். என் வண்டியில் இடப்பக்கம் ஒரு தகட்டுத் துண்டைச் செருகியதுமே பாதிக் கோணல் போய்விட்டது.

மீதி முன்கீலில். அங்கே துளைகள் நீளவாக்கில் இருப்பதால் மூக்கை முன்பின்னாக நகர்த்தலாம், ஏற்றி இறக்கவும் இடமுண்டு. மேலே அகலம், கீழே நெருக்கம் என்றால் மூக்கை உயர்த்த வேண்டும். பானெட் லேசாகச் சுழன்று மேல் இடைவெளி மூடும், கீழே திறக்கும். ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) உயர்த்தி, மூடிப் பார்த்து, மறுபடி தளர்த்தி... அன்று பதினேழு முறை மூடித் திறந்திருப்பேன். பிறகு பின்னால் பானெட்டைத் தாங்கும் கூம்பு ரப்பர்கள். பழையவை தேய்ந்து சப்பையாகிவிட்டன. புதியவற்றைப் போட்டுத் திருகி உயரம் வைத்தேன். பக்கக் கொக்கிகள் கடைசியில்தான். கோணலைக் கொக்கியால் இழுத்துச் சமாளித்தால் தகடுதான் முறுக்கிக்கொள்ளும்.

நான் கை வைத்தது இந்த ஒரு ஹெரால்டில்தான். பத்மினி காருக்கும் அம்பாசடருக்கும் இதை அப்படியே சொல்ல மாட்டேன். ஃபைபர் பானெட் மாட்டியவர்களும் உண்டு, அதை நான் பழகிப் பார்த்ததில்லை.

சென்ற மழைக்குப் பிறகு இடப்பக்கம் மறுபடி அரை நூல் விலகியது. ஒரு ஸ்பானர், பத்து நிமிடம். வலப்பக்கம் கீழே இன்னும் கொஞ்சம் அகலம்தான். மனைவிக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது.