மதுரை – செங்கோட்டை – மதுரை: எந்தக் கடைக்கு எந்த நேரம்

தென்மாவட்டங்களில் சாப்பாட்டுக்கென்றே சுற்றக் கிளம்புகிறவர்கள் "எந்தக் கடை நல்லா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். "எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்பவர்கள் குறைவு. பேர்பெற்ற கடையில் ஆறிப்போன பரோட்டாவைத் தின்றுவிட்டு "பெருசா ஒண்ணுமில்லை" என்று வருவது இதனால்தான். இந்தப் பக்கத்துக் கடைகள் பெரும்பாலும் ஒரே ஒரு பண்டத்தால் பேர் வாங்கியவை. அந்தப் பண்டம் அடுப்பில் மும்முரமாக ஓடுகிற இரண்டு மூன்று மணி நேரம்தான் அந்தக் கடையின் நேரம். அந்தக் கணக்கில், மதுரையில் முதல் நாள் இரவு தொடங்கி மறு இரண்டு நாளில் திரும்பி வருகிற ஒரு சுற்றைப் பார்க்கலாம்.

முதலில் சாலை. மதுரை – நெல்லை நாலுவழிச் சாலை விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி மூன்று ஊரையும் ஒதுக்கிவிட்டு ஓடுகிறது. பைபாஸிலேயே போனால் கிடைப்பது மோட்டல் சாப்பாடுதான். பஸ் நின்றால் கூட்டம் எப்படியும் வந்துவிடும் என்பதால் அங்கே ருசிக்காக யாரும் மெனக்கெடுவதில்லை. பொங்கலும் பூரியும் மொத்தமாகச் செய்து அடுக்கி வைத்திருப்பார்கள். ஊருக்குள் இறங்கி ஏறினால் ஒவ்வொரு ஊருக்கும் இருபது நிமிடம் கூடுதலாகும். அந்த இருபது நிமிடத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

மதுரையில் இரவு எட்டரைக்கு மேல் சிம்மக்கல் கோனார் கடை. இங்கே சாப்பிட வேண்டியது கறி தோசை. அடியில் ஊத்தப்பம் மாதிரி கனமான தோசை, மேல்மாவு ஈரமாக இருக்கும்போதே அதில் முட்டை, முட்டை பிடிக்கத் தொடங்கும்போது ஏற்கெனவே மசாலாவில் வெந்து பொடிப்பொடியாக நறுக்கிய ஆட்டுக்கறி, சுற்றிலும் எண்ணெய், பிறகு ஒரே திருப்பு. இதில் கெட்டுப்போகிற இடம் இரண்டு. கறியில் குழம்பு ஈரம் அதிகமிருந்தால் முட்டையோடு ஒட்டாது, திருப்பும்போது கறி கல்லில் சிந்திக் கருகும். தீ அதிகமானால் அடிப்பக்கம் கருகி நடுவில் மாவு வேகாமல் நிற்கும். ஆகவே அவசரப்படுத்தாதீர்கள், நன்றாக வேக ஐந்தாறு நிமிடமாவது ஆகும். கூட்டம் உள்ள நேரத்தில் போவதில் ஒரு லாபம் உண்டு: கல் சூடு குறையாமல் இருக்கும். ஒரு ஆளுக்கு ஒன்று போதும். கூடவே சுக்காவும் பிரியாணியும் சொல்லிவிட்டால் தோசை பாதியில் நிற்கும்.

அங்கிருந்து விளக்குத்தூண் போய் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே பால் ஐஸ்கிரீம். பால் எவ்வளவு சுண்டியிருக்கிறது என்பதில்தான் கடைக்குக் கடை வித்தியாசம். சுண்டாத பாலை மறைக்க நன்னாரியை அதிகம் ஊற்றுகிறவர்கள் உண்டு. நிறம் சிவந்து, முதல் வாயிலேயே தித்திப்பு அடித்தால் விஷயம் அதுதான்.

காலையில் மதுரையிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். விருதுநகரை இப்போது தாண்டிப் போய்விடலாம், அந்த ஊரின் நேரம் சாயங்காலம். சாத்தூரில் சேவு, கோவில்பட்டியில் கடலை மிட்டாய், இரண்டுக்கும் நேரம் காலம் கிடையாது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு அந்தப் பெயர் போட்ட பாக்கெட் எல்லா ஊரிலும் தொங்குகிறது. ஊருக்குள் வாங்கும்போது ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். பாகு பதம் சரியாக இருந்தால் படக்கென்று உடையும், பல்லில் ஒட்டாது. வளைந்து கொடுத்தால் பாகு பதம் முந்திவிட்டது அல்லது ஈரம் ஏறிவிட்டது.

நெல்லைக்கு மதியம் போய்ச் சேருவீர்கள். இங்கே சொதி கிடைத்தால் விடக்கூடாது. சைவப் பிள்ளைமார் கல்யாண வீட்டில் மறுநாள் விருந்துக்கு வைக்கிற குழம்பு இது. பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், கேரட், பீன்ஸ், உருளை, முருங்கை, காரத்துக்கு இஞ்சியும் பச்சை மிளகாயும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும். காய் வேகிறது இரண்டாம், மூன்றாம் பாலில்; முதல் பாலை ஊற்றியதும் நுரை கட்டுகிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். எலுமிச்சையும் இறக்கிய பிறகுதான். ஒரு மணி நேரம் சூடுபடுத்திக்கொண்டே வைத்திருந்தால் இந்தக் குழம்பு தாங்காது என்பதால் பல மெஸ்களில் தினமும் போடுவதில்லை. குறிப்பிட்ட கிழமையில்தான் வைப்பார்கள். முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிட்டு, பன்னிரண்டரை மணி பந்திக்குள் உட்காருங்கள்.

சாயங்காலம் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருட்டுக்கடை. பகலில் போய் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடை திறப்பதே சாயங்காலம்தான், இரண்டு மூன்று மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். ஐந்து மணிக்கு வரிசையில் நின்றுவிடுவது நல்லது. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, தெளிய வைத்து, அந்தப் பாலைச் சர்க்கரையோடும் நெய்யோடும் மணிக்கணக்காகக் கிண்டுவதுதான் நெல்லை அல்வா. நிறம் சர்க்கரை கருகாமல் சிவப்பதால் வருவது. தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் கணிப்பில் பாதி ருசி கிண்டுகிற கையில் இருக்கிறது. கிண்டுவதை முன்னதாக நிறுத்தினால் மாவு வாடை நிற்கும், நேரம் கடந்தால் இழுவை கூடி ரப்பராகும். முதலில் நூறு கிராம் இலையில் வாங்கிச் சூடாகச் சாப்பிடுங்கள், பார்சல் பிறகு. வீட்டுக்குக் கொண்டுபோனதும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நெய் உறைந்து, திரும்பச் சுடவைத்தாலும் பழைய வழுக்கல் வராது. அல்வாவுக்குப் பின்னால் கொஞ்சம் காரச்சேவு அல்லது மிக்சர் கொறிப்பது நெல்லைப் பழக்கம். திகட்டலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

இரவு நெல்லையில் தங்கிவிட்டு, மறுநாள் தென்காசி வழியாகச் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். எல்லை பிரானூரில் இருந்ததால் அந்த இடத்துக்கு இன்றும் 'பார்டர்' என்றே பெயர், அங்குள்ள பரோட்டாக் கடை 'பார்டர் கடை'. ரஹ்மத் கடையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பேர் பெரிதானதும் அதே பெயரில், ஓரிரண்டு எழுத்து மாற்றிய பெயரில் குற்றாலம், தென்காசி முழுக்கப் பலகைகள் முளைத்துவிட்டன. மேப்பில் முதலில் வருவதைப் பார்த்து வண்டியைத் திருப்பாமல், பிரானூர் வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்டர் பரோட்டா சின்னது, மெல்லியது. நாலைந்து சாதாரணமாக உள்ளே போகும். இலையில் பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றி ஊறவிடுவதுதான் முறை. தனியாகத் தொட்டுத் தின்றால் இதன் குணம் தெரியாது. கல்லிலிருந்து எடுத்த பரோட்டாக்களை மாஸ்டர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடு பொறுக்க இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பதைக் கவனியுங்கள். அந்த அடியில்தான் ஏடு ஏடாகப் பிரிகிறது. கூட்டத்தில் அந்த வேலையைத் தவிர்க்கிற கடையில் பரோட்டா தட்டையாக, ஒட்டிக்கொண்டு வரும். மாவு போதிய நேரம் எண்ணெயில் ஊறாமல் இருந்தால் சூட்டில் தெரியாது, ஐந்து நிமிடம் ஆறியதும் இழுக்கத் தொடங்கும். கூடச் சொல்ல வேண்டியது நாட்டுக்கோழி, அதிலும் எலும்பில்லாமல் பிய்த்து மிளகும் வெங்காயமும் சேர்த்துப் பிரட்டுகிற பிச்சுப்போட்ட கோழி. காடை பிடித்தவர்கள் காடை சொல்லலாம். சின்ன உடம்பு, ஆறினால் விறைத்துவிடும், ஆகவே அதைக் கடைசியில் சொல்லிச் சூடாக வாங்குங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீசன். சனி, ஞாயிறு மதியம் இங்கே உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு, சப்ளையரைக் குறை சொல்லியும் பயனில்லை. சீசனில் வார நாளில், பன்னிரண்டு மணிவாக்கில் வாருங்கள். இந்த வட்டாரத்தில் முஸ்லிம்கள் நடத்துகிற கடைகள் பல உண்டு; வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தை ஒட்டி அடைத்திருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

திரும்புகிற வழி புளியங்குடி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா வாங்கும்போது "இன்னைக்குப் போட்டதா?" என்று மட்டும் கேளுங்கள். பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராத பண்டம், 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. வெளுத்து, வழவழவென்று இருப்பதைவிட லேசாகப் பழுப்பேறி, குருணை தட்டுவது நல்லது. வெதுவெதுப்பாகக் கொடுத்தால் டப்பா மூடியை உடனே இறுக்காதீர்கள், ஆவி கோத்துச் சீக்கிரம் புளித்துவிடும்.

சிவகாசி வழியாக விருதுநகருக்கு ஐம்பது கிலோமீட்டர் போல. ஏழு மணிக்குள் ஊருக்குள் வந்துவிட்டால், எண்ணெய் பரோட்டாவுக்குச் சரியான நேரம். பர்மா கடை ஊரறிந்த பெயர். இன்னும் பல கடைகளில் இதே வேலை நடக்கிறது. கடையைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி, வாசலில் தூக்குவாளியோடு சால்னா வாங்க நிற்கிற உள்ளூர்க்காரர்களைப் பார்ப்பது. வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் மோசமான சால்னாவை இரண்டாம் முறை வாங்க மாட்டான்.

அகலமான கல்லின் நடுப்பள்ளத்தில் எண்ணெய் நிற்கும். தட்டிய பரோட்டா அதற்குள் இறங்கிப் பொன்னிறமாகப் பொரிந்ததும் எண்ணெய் வடிய ஓரத்துக்கு ஏற்றி வைப்பார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஏடுகள் மெத்தென்று இருக்க வேண்டும். எண்ணெய் சூடு குறைந்தால் பரோட்டா எண்ணெயைக் குடித்துவிடும். ஒரே நேரத்தில் கல் கொள்ளாமல் பத்துப் பதினைந்து போடுகிற கடையில் இது நடக்கும். பிய்த்துப் பார்த்தால் விரலில் வழியும், இரண்டாவதிலேயே நெஞ்சைக் கரிக்கும். எண்ணெயின் நிறத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கறுத்து, புகைந்துகொண்டிருந்தால் அடுத்த கடைக்கு நடங்கள்.

சால்னா இங்கே தண்ணியாகத்தான் இருக்கும், அது குறையல்ல. கெட்டிக் குழம்பு மொறுமொறுப்பின் மேலேயே நின்றுவிடும், தண்ணிச் சால்னாதான் ஏடுகளுக்குள் இறங்கும். முதல் பரோட்டாவை நொறுக்கி, சால்னா ஊற்றியதும் ஊறுவதற்குள் சாப்பிடுங்கள். இரண்டாவதை நன்றாக ஊறவிட்டு மட்டன் சுக்காவோடு சாப்பிடுங்கள். இரண்டும் இரண்டு பண்டம். மூன்றுக்கு மேல் வேண்டாம். பார்சல் வாங்குவதாக இருந்தால் சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், பரோட்டாவை பாலிதீனில் வேண்டாம், இலையும் பேப்பரும் போதும். மதுரைக்கு ஒரு மணி நேரம். அதற்குள் மொறுமொறுப்பு போயிருக்கும், ஆனால் சூடான தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் வைத்தெடுத்தால் முக்கால்வாசி திரும்பி வரும்.